காரின் பின்பெட்டியில் ஓவியக்கூடம்: தினம் வரைந்து தலைநிமிர்ந்த கறுப்பின ஓவியர்கள்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், அட்லாண்டிக் கடலோரம் ஃபோர்ட் பியர்ஸ் என்ற சிறுநகரம் இருக்கிறது. 1950களில் அந்த ஊரில் ஒரு கறுப்பினச் சிறுவன் பள்ளிப் படிப்பை முடித்தால் அவனுக்குக் காத்திருந்த வேலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆரஞ்சுத் தோட்டத்தில் பழம் பறிக்கலாம். பறித்த பழத்தைப் பெட்டியில் அடுக்கும் கூடத்தில் நிற்கலாம். வெள்ளையர் வீட்டில் எடுபிடி வேலை பார்க்கலாம். ஓவியன் ஆவது அந்தப் பட்டியலில் இல்லை.

அந்த ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த 26 கறுப்பினத்தவர்கள் அந்தப் பட்டியலை மாற்றினார்கள். அவர்கள் நுண்கலைக் கல்லூரியில் படித்தவர்கள் அல்லர். அவர்களுக்குக் கண்காட்சி நடத்த யாரும் இடம் தரவில்லை. நாள்தோறும் எண்ணெய் வண்ணத்தில் நிலக்காட்சிகளை வரைந்தார்கள். வண்ணம் காய்வதற்குள் காரின் பின்பெட்டியில் ஏற்றி, நெடுஞ்சாலை வழியே கொண்டுபோய் விற்றார்கள். இப்படி அவர்கள் வரைந்த ஓவியங்களின் எண்ணிக்கை 2 லட்சம் வரை இருக்கும் என்று மதிப்பிடப்படுகிறது. இன்று உலகம் அவர்களை ‘ஹைவேமென்’, அதாவது நெடுஞ்சாலை ஓவியர்கள் என்று அழைக்கிறது.

பூட்டிய கதவுகள்

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அன்று நிறப் பிரிவினை சட்டமாகவே இருந்தது. பள்ளி தனி, பேருந்தில் இருக்கை தனி, குடிநீர்க் குழாய் தனி, உணவகத்தின் வாசல் தனி. பள்ளிகளில் நிறத்தின் பெயரால் பிரித்து வைப்பது அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொது இடங்களில் பாகுபாட்டைத் தடைசெய்யும் குடியுரிமைச் சட்டம் வருவதற்கு மேலும் 10 ஆண்டுகள் ஆயின. அதற்குப் பிறகும் ஊரின் மனம் உடனே மாறிவிடவில்லை.

கறுப்பினத்தவர் வரைந்த படத்தைத் தொங்கவிட அன்றைய ஓவியக்கூடங்கள் முன்வரவில்லை. படத்தை விற்பது இருக்கட்டும், அந்தக் கூடத்துக்குள் பார்வையாளராக நுழைவதே கடினம். நம் ஊரில் தேநீர்க் கடையின் தனிக் குவளையையும், தெருவுக்குள் செருப்போடு நடக்கத் தடையையும் அறிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. இந்த ஒற்றுமையை முதலில் கண்டவர்கள் நாம் அல்லர். 1946-இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டபிள்யூ.ஈ.பி. டு போய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த மனுவின் படிகளைக் கேட்டிருக்கிறார். 1972-இல் மும்பையில் தொடங்கிய தலித் பேந்தர்ஸ் இயக்கம், அமெரிக்காவின் கறுப்புச் சிறுத்தைகள் இயக்கத்திடமிருந்தே தன் பெயரை எடுத்துக்கொண்டது.

ஓர் ஆசிரியை, ஓர் ஓவியர்

ஃபோர்ட் பியர்ஸில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று இருந்த பள்ளி லிங்கன் பார்க் அகாடமி. புகழ்பெற்ற கறுப்பின எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டன் தன் கடைசிக் காலத்தில் சிறிது காலம் இங்கே ஆசிரியராக இருந்தார். 1960-இல் வறுமையில் இறந்த அவருடைய கல்லறைக்கு 1973 வரை பெயர்ப்பலகைகூட இல்லை.

அந்தப் பள்ளியின் ஓவிய ஆசிரியை ஜனோபியா ஜெஃபர்சன். ஆல்ஃபிரட் ஹேர் என்ற மாணவனின் கைத்திறனைக் கண்டு, அவனை அதே ஊரில் வாழ்ந்த வெள்ளையின ஓவியர் ஏ.ஈ. பேக்கஸிடம் அழைத்துச் சென்றார். அப்போது ஹேருக்கு வயது 14 அளவில்தான். பேக்கஸ் அந்த ஊரின் கட்டுப்பாட்டுக்கு அடங்காதவர். அவருடைய வீட்டிலும் ஓவிய அறையிலும் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். வானத்தை எப்படித் தொடங்குவது, தூரத்து மரத்தை எப்படி மங்கலாக்குவது, நீரில் ஒளியை எப்படி வைப்பது என்பதை ஹேர் அங்கே கற்றுக்கொண்டார்.

பேக்கஸின் வீட்டுக்கு வந்த இன்னொருவர் ஹெரால்டு நியூட்டன். 1934-இல் பிறந்த அவர் அதற்குமுன் வெல்வெட் துணியில் சமயப் படங்களை வரைந்து வந்தார். நிலக்காட்சிகளை வரையுமாறு பேக்கஸ் சொன்ன யோசனை அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது. இவர் பேக்கஸிடம் முறையாகப் பாடம் படிக்கவில்லை. பார்த்துப் பார்த்தே கற்றார். ஆனாலும் இந்தக் குழுவில் மிகத் திறமையானவர் இவரே என்று பலர் கருதுகிறார்கள்.

ஒரு ஆசிரியை ஒரு மாணவனைக் கவனித்தார். அந்த மாணவன் தன் தெருவில் உள்ளவர்களுக்குக் காட்டிக்கொடுத்தான். அவர்கள் தங்கள் தம்பிகளுக்கும் நண்பர்களுக்கும் சொன்னார்கள். கல்லூரி இல்லாமலே ஒரு ஓவியப் பள்ளி உருவானது.

வானம் முதலில், மரம் பிறகு

பேக்கஸின் ஓர் ஓவியத்துக்கு நல்ல விலை கிடைத்தது. அவர் பொறுமையாக வரையலாம். தன் படத்துக்கு யாரும் அந்த விலை தரமாட்டார்கள் என்பது ஹேருக்குத் தெரியும். அவர் கணக்குப் போட்டார். ஒரு படத்துக்குக் குறைந்த விலைதான் கிடைக்கும் என்றால், ஒரு நாளில் பல படங்கள் வரைய வேண்டும். பணம் சம்பாதித்து முன்னுக்கு வர வேண்டும் என்ற தன் ஆசையை அவர் மறைத்ததே இல்லை.

அதற்கேற்ற முறையையும் அவரே கண்டுபிடித்தார். கித்தான் துணி விலை அதிகம் என்பதால், வீடு கட்டும்போது சுவருக்கும் கூரைக்கும் அடிக்கும் ‘அப்சன் போர்டு’ என்ற அழுத்திய காகித அட்டையை வாங்கி அறுத்துக்கொண்டார். பொதுவாக இரண்டடிக்கு மூன்றடி அளவு. அந்தப் பலகைகளை வரிசையாகச் சாய்த்து வைப்பார். எல்லாப் பலகைகளிலும் முதலில் வானத்தை முடிப்பார். பிறகு திரும்பவும் முதல் பலகைக்கு வந்து தூரத்து மரங்கள், அடுத்த சுற்றில் நீர்நிலை, அதற்கடுத்து கரையோரப் பனைகள். ஒரே நாளில் 20 பலகைகள் வரை இப்படி முடிந்ததாகச் சொல்கிறார்கள். வீட்டாரும் நண்பர்களும் பலகை அறுத்தார்கள், சட்டம் அடித்தார்கள். அந்தச் சட்டங்களும் கடையில் வாங்கியவை அல்ல. வீட்டுக் கூரையின் ஓரத்தில் அடிக்கும் மரப்பட்டையை அறுத்து, வெள்ளை பூசி, மேலே பொன்னிறம் தீற்றியவை.

அவர்கள் வரைந்தது எதை? கடலோரச் சதுப்பு நிலம், புயலுக்கு முந்தைய மேகம், நிலவொளியில் ஆறு, காற்றில் வளைந்த பனை, செந்நிறத்தில் பூத்துக் குலுங்கும் குல்மொஹர் மரம். நம் ஊர்ச் சாலையோரங்களிலும் பள்ளி வளாகங்களிலும் கோடையில் சிவந்து நிற்கும் அதே மரம்தான். இந்தப் படங்களில் மனிதர்கள் அரிதாகவே இருப்பார்கள். தோட்ட முதலாளியும் இல்லை, கூலியும் இல்லை. யாருக்கும் பட்டா போடப்படாத வானமும் நீரும் மட்டும் இருக்கின்றன.

ஈரம் காயாத சரக்கு

வரைவது பாதி வேலை. மீதிப் பாதி விற்பது. ஓவியக்கூடம் இல்லாததால் காரே ஓவியக்கூடம் ஆனது. ‘யு.எஸ். 1’ என்ற கடலோர நெடுஞ்சாலையில் ஓட்டிச் சென்று, தங்கும் விடுதி, மருத்துவர் அறை, வழக்கறிஞர் அலுவலகம், வங்கி என்று வாசல் வாசலாக ஏறி இறங்கினார்கள். சாலையோரத்தில் நிறுத்திச் சுற்றுலாப் பயணிகளிடமும் விற்றார்கள். ஒரு படம் 25 டாலர் அளவில் போகும். தோட்டக் கூலியோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகை.

எண்ணெய் வண்ணம் காய நாள்கணக்கில் ஆகும். அதுவரை காத்திருக்க அவர்களுக்கு வசதி இல்லை. சட்டம் அடித்திருப்பதால் ஒரு படத்தின் முகம் மற்றதில் உரசாது. அப்படியே அடுக்கி எடுத்துப் போவார்கள். ஆல் பிளாக் என்பவர் இந்தக் குழுவின் பெயர்பெற்ற விற்பனையாளர். வழியில் ஈரம் கலைந்துபோன இடங்களைத் தூரிகையால் சரிசெய்து சரிசெய்தே அவரும் ஓவியர் ஆனார்.

கறுப்பின இளைஞன் ஒருவன் அன்று வெள்ளையர் நடத்தும் அலுவலகத்துக்குள் முன்வாசல் வழியாக நுழைந்து பொருள் விற்பது சாதாரணச் செயல் அல்ல. எந்த வாசலில் மரியாதை கிடைக்கும், எந்த வாசலில் நாய் அவிழ்த்து விடப்படும் என்பது முன்கூட்டியே தெரியாது. அப்படியும் போனார்கள்.

26 பேரில் ஒரே பெண்

இந்தக் குழுவில் இருந்த ஒரே பெண் மேரி ஆன் கேரல். 1940-இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்து ஃபோர்ட் பியர்ஸுக்கு வந்தவர். இளம் வயதில் ஹெரால்டு நியூட்டனைச் சந்தித்ததே அவரை ஓவியத்தின் பக்கம் இழுத்தது. 7 பிள்ளைகளின் தாயான அவர், தானே வரைந்து, தானே காரில் ஏற்றி, தானே போய் விற்றார். கறுப்பினத்தவர், பெண் என்ற இரட்டைத் தடையைத் தாண்டி, அந்தப் படங்களின் வருவாயில் குடும்பத்தைக் காத்தார். 2011-இல் அமெரிக்க அதிபரின் மனைவி மிஷேல் ஒபாமாவிடம் தன் ஓவியத்தை நேரில் வழங்கினார். 2019-இல் காலமானார்.

ஆல்ஃபிரட் ஹேருக்கு அத்தனை நாள் கிடைக்கவில்லை. 1970 ஆகஸ்ட்டில், ஃபோர்ட் பியர்ஸில் ஒரு மதுக்கூடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 29. அவரோடு குழுவின் வேகமும் குறைந்தது. காலப்போக்கில் நிலக்காட்சிப் படங்களுக்கு மவுசும் குறைய, பலர் வேறு வேலைக்குப் போனார்கள். படங்கள் பழைய பொருள் கடைகளுக்கும் பரண்களுக்கும் போய்ச் சேர்ந்தன.

பெயர் வைத்தது யார்?

1990களின் நடுவில் ஜிம் ஃபிட்ச் என்பவர் இவர்களைப் பற்றி எழுதும்போது ‘ஹைவேமென்’ என்ற பெயரை வைத்தார். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு வழிப்பறிக்காரர் என்றும் பொருள் உண்டு. தங்கள் காலத்தில் அவர்கள் தங்களை எந்தக் குழுப் பெயராலும் அழைத்துக்கொள்ளவில்லை, ஓவியர்கள், அவ்வளவுதான். ஒடுக்கப்பட்டவர்களுக்குப் பெயர் வைக்கும் உரிமை எப்போதும் வெளியாரிடமே இருப்பது நமக்கும் புதிதல்ல. ஆனால் அந்தப் பெயரையே அவர்கள் புகழின் பெயராக்கிவிட்டார்கள். 2001-இல் கேரி மன்றோ இவர்களைப் பற்றி எழுதிய நூல் வெளிவந்தது. 2004-இல் 26 பேரும் ஃபுளோரிடா மாநிலக் கலைஞர்களுக்கான புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டார்கள்.

அன்று 25 டாலருக்கு விற்ற படம் இன்று ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிறது. அந்த லாபத்தில் பெரும்பங்கு வாங்கி வைத்திருந்தவர்களுக்குப் போகிறது. வரைந்தவர் வீட்டுக்குப் போவதில்லை. பாராட்டு விழாவோடு கணக்கு முடிந்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

வேகம் குறையா?

இவை அவசரத்தில் போட்ட படங்கள், விடுதி அறைச் சுவருக்கான அலங்காரம் என்று சொன்னவர்கள் உண்டு. எல்லாப் படமும் உயர்ந்தது என்று நாமும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நாள்தோறும் வானத்தை வரைகிறவரின் கை, மாதம் ஒருமுறை வரைகிறவரின் கையைவிட வானத்தை நன்றாக அறியும். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்தத் தீற்றல் தேவையில்லை என்பதை எண்ணிக்கைதான் கற்றுக் கொடுக்கிறது. நாற்று நடுகிறவருக்கும் தறி நெய்கிறவருக்கும் பறை அடிக்கிறவருக்கும் இது தெரியும். உழைப்பாளியின் வேகத்தைத் திறமை என்று சொல்ல மறுப்பவர்கள்தான் அதை அவசரம் என்கிறார்கள்.

எண்ணெய் வண்ணத்தை ஈரத்தின் மேலேயே ஈரமாகத் தீட்டி ஒரே அமர்வில் முடிப்பதும் புதிய வழக்கமல்ல. இங்கிலாந்தின் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822 ஆண்டுகளில் லண்டனை அடுத்த ஹாம்ப்ஸ்டெட்டில் நின்று மேகங்களைச் சிறிய தாள்களில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். பலவற்றின் பின்புறத்தில் தேதி, நேரம், காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்து வைத்தார். 1841-இல் வண்ணக் குழல் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, வண்ணத்தைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போவது எல்லாருக்கும் எளிதானது.

ஃபுளோரிடா ஓவியர்களுக்கு மாநில அங்கீகாரம் கிடைத்த அதே 2004-ஆம் ஆண்டின் டிசம்பரில், வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் டுவேன் கைசர் என்ற ஓவியர், தினம் ஓர் ஓவியம் என்று ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். தபால் அட்டை அளவு பலகை. சுருட்டுப் பெட்டியையே வண்ணப் பெட்டியாகவும் தாங்கியாகவும் மாற்றிக்கொண்டார். வீட்டில் கண்ணில் படும் சாதாரணப் பொருட்களை வரைந்து, ஓவியக்கூடத்தின் துணையின்றி நேரடியாக விற்றார். மறு ஆண்டே பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் வாழும் ஜூலியன் மெர்ரோ ஸ்மித் அதைப் பின்பற்றினார். இன்று உலகெங்கும் பலர் இப்படி வரைகிறார்கள். ஓவியக்கூடத்தின் தயவு இல்லாமல் ஓவியர் வாழ முடியும் என்பதைப் பெரிய கண்டுபிடிப்பாக அப்போது பேசினார்கள். ஃபோர்ட் பியர்ஸின் கறுப்பின ஓவியர்கள் அதை அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்து காட்டிவிட்டார்கள். ஒரு வேறுபாடு உண்டு. கைசருக்கு அது ஒரு தேர்வு. அவர்களுக்கு வேறு வழி இல்லை.

நம் பிள்ளைகள் தொடங்க

ஓவியம் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் கிராமத்து மாணவர்களிடம் இருக்கிறது. பெரிய கித்தானை நினைத்தால் அப்படித்தான் தோன்றும். உள்ளங்கை அகலப் பலகைக்கு அந்தச் செலவு இல்லை.

தச்சுப் பட்டறையில் மிச்சமாகும் ஹார்டுபோர்டு அல்லது பிளைவுட் துண்டுகளை நாலுக்கு ஆறு அங்குலமாக அறுத்துக் கேளுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஓவியப் பொருள் கடையில் கிடைக்கும் ‘ஜெஸ்ஸோ’ என்ற வெள்ளைப் பூச்சை இரண்டு கை பூசிக் காயவிடுங்கள். பூச்சு இல்லாத பலகை எண்ணெயை உறிஞ்சிவிடும், படம் வெளிறிப்போகும். வண்ணத்தில் வெள்ளை, மஞ்சள், சிவப்பு, அல்ட்ராமரின் நீலம், பழுப்பு ஆகிய ஐந்து குழல்கள் போதும். கறுப்பு தேவையில்லை; நீலத்தையும் பழுப்பையும் கலந்தால் நல்ல இருள் கிடைக்கும். தட்டையான தூரிகை இரண்டு போதும்.

ஒரே ஒரு பொருளை எடுங்கள். வெங்காயம், சொம்பு, அப்பாவின் செருப்பு, அம்மாவின் அரிவாள் எதுவாகவும் இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் விழும்படி ஜன்னலோரம் வையுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து, வெளிச்சம், நிழல் என்ற இரண்டு பெரிய பகுதிகள் தெரியும். முதலில் அவற்றைப் போடுங்கள். இருண்ட பகுதியை மெல்லிசாகவும், வெளிச்சப் பகுதியைக் கெட்டியாகவும் தீட்டுங்கள். ஒரு மணி நேரத்தில் நிறுத்திவிடுங்கள். திருப்பி, பின்புறத்தில் பெயரும் தேதியும் எழுதுங்கள். நன்றாக வராவிட்டாலும் அழிக்க வேண்டாம். முப்பதாவது நாள் முதல் பலகையோடு சேர்த்துப் பார்த்தால், ஆசிரியர் சொல்லாததையும் அந்த வரிசை சொல்லும்.

சில எச்சரிக்கைகள். டர்பன்டைன் ஆவியை அடைத்த அறையில் சுவாசிக்கக் கூடாது. திறந்த இடத்தில் வரையுங்கள். வண்ணம் பட்ட கையோடு சாப்பிடாதீர்கள். எண்ணெய் வண்ணத்தில் இருப்பது ஆளி விதை எண்ணெய். அது காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு இறுகுகிறது. அப்போது வெப்பம் பிறக்கிறது. எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைத்தால் தானாகவே தீப்பிடிக்கலாம். ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போட வேண்டும். குடிசை வீடுகளில் இதில் கூடுதல் கவனம் தேவை.

இதைத் தொழிலாகப் படிக்க விரும்பும் பிளஸ் டூ மாணவர்களுக்குச் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சேரப் போகும்போது நாள்தோறும் வரைந்த பலகைகள் பையில் இருந்தால், அதைவிடச் சிறந்த அறிமுகம் வேறில்லை.

ஒரு மாணவனின் கையைக் கவனித்த ஜனோபியா ஜெஃபர்சனைப் போன்ற ஆசிரியர்கள் நம் அரசுப் பள்ளிகளிலும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் இருக்கிறார்கள். பல பள்ளிகளில் ஓவிய வகுப்பு, கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்கும் வகுப்பாகவே இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தைப் பிள்ளைகளுக்கே விட்டுக்கொடுத்தால் போதும். ஃபோர்ட் பியர்ஸில் அப்படி ஓர் ஆசிரியை ஒரு பையனைக் கவனித்ததில் தொடங்கியதுதான், 2 லட்சம் வானங்களாக விரிந்தது.